உள்ளத்தை அறியும் வழிகள்: நிறைகளும் குறைகளும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இம்முதுமொழியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் முகத்தைப் பார்த்த அளவில் அகத்தை முழுவதும் அறிந்துவிட்டதாக எண்ணி நாம் எத்தனை முறை ஏமாந்திருக்கிறோம்!

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பாடம் நடத்திய வகுப்பு ஒன்றில் ஒரு மாணவி இருந்தாள். மூன்றாம் வரிசையில் சுவரோரமாக அமர்ந்திருப்பாள். பெயர் சொல்லி அழைத்தால் சில வேளை எழுவாள். சில வேளை எழமாட்டாள். கேட்ட கேள்வி ஒன்றாக இருக்க, அவள் கூறும் விடை வேறொன்றாக இருக்கும். "அகம்பாவம் பிடித்தவள்" என்றார் ஓர் ஆசிரியை. "மந்த புத்தி" என்றார் மற்றொருவர். "வீட்டில் செல்லம் அதிகம்" என்றார் மூன்றாமவர். முன்னேற்ற அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதிக் கையொப்பம் இட்டவர்கள் நாமே. ஆனால், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நம்முள் ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை.

அந்த ஒரு கேள்வியே உளவியல் என்னும் அறிவியலின் தலைவாசல் எனலாம். மனித உள்ளத்தைப் பற்றி ஒருவர் எதைக் கூறினாலும், எவ்வழியில் அதை அறிந்தார், அவ்வழி எவ்வளவு நம்பத்தக்கது என்று இவ்வறிவியல் கேட்கிறது. உளவியலார் கையாளும் முக்கிய ஆய்வு முறைகளையும், அவற்றின் நிறைகளையும் குறைகளையும் இக்கட்டுரையில் காண்போம். அம்மாணவியின் கதையை இறுதியில் கூறுவோம்.

1. அகநோக்கு முறை

தத்துவத்தின் மடியிலிருந்து இறங்கி, உளவியல் தனி அறிவியலாக நடை பயின்ற ஆண்டு 1879 என்பர். அவ்வாண்டில் ஜெர்மனி நாட்டின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெம் வுண்ட் என்பார் உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். பயிற்சி பெற்றவர்கள் ஓர் ஒலியைக் கேட்டோ ஒரு நிறத்தைப் பார்த்தோ, தம் உள்ளத்தில் எழும் உணர்வுகளை உடனுக்குடன் எடுத்துரைத்தனர். இதுவே அகநோக்கு முறை.

இதன் நிறை வெளிப்படையானது. பல்வலி எத்தகையது என்பதை வலிப்பவர்தாமே கூற இயலும்? ஆனால் குறைகளும் உண்டு. ஒருவர் தம் உள்ளத்தில் கண்டதாகக் கூறுவதை வேறொருவர் சரிபார்க்க முடியாது. கோபமாக இருக்கும்போது, "இப்போது என் கோபம் எப்படி இருக்கிறது?" என்று பார்க்கத் தொடங்கினால் கோபமே தணிந்துவிடுகிறது. கைக்குழந்தைகளிடம் இம்முறை செல்லாது. இரவு செபத்தில் நாம் செய்யும் ஆன்ம சோதனை நம்மைத் திருத்திக்கொள்ள மிகவும் தேவையானதே. ஆயினும் பிறர் உள்ளத்தை அளக்க அது கருவியாகாது.

2. உற்றுநோக்கல் முறை

பிறருடைய நடத்தையை, அது இயல்பாக நிகழும் இடத்திலேயே கவனித்துக் குறித்துக்கொள்வது உற்றுநோக்கல். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகள் தொட்டிலில் கிடந்த நாள் முதல் அவர்கள் செய்தவற்றைப் பொறுமையுடன் குறித்து வந்தார். ஒரு பொருளைத் துணியால் மூடினால், அப்பொருளே இல்லாமற் போய்விட்டதுபோல் சிறு குழந்தை நடந்துகொள்வதையும், சில மாதங்கள் கழித்துத் துணியை விலக்கித் தேடுவதையும் அவர் கண்டார். தாய்மார் அனைவரும் பார்க்கும் காட்சிதான். ஆனால் எழுதி வைத்தவர் அவர்! பேசத் தெரியாத குழந்தையையும் அறியலாம் என்பது இம்முறையின் சிறப்பு. மூன்று குழந்தைகளைக் கொண்டு உலகக் குழந்தைகள் அனைவரையும் பற்றிப் பேசலாமா என்பது இதன்மேல் எழும் வினா.

மற்றொரு குறை இதனினும் நுட்பமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை ஒன்று பெரும் புகழ் பெற்றிருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதை வளர்த்து வந்தார். கணக்குக் கேட்டால், குதிரை விடைக்குரிய எண்ணிக்கையில் குளம்பால் தரையைத் தட்டும். 1904ஆம் ஆண்டில் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்து, இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை என்று கூறியது. பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் குதிரையைப் பலவாறு சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபோதும் தவறியது. உண்மை என்னவெனில், சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவர் தம்மை அறியாமலே தலையைச் சற்று நிமிர்த்தினார். குதிரை கணக்குப் போடவில்லை, மனிதரைப் படித்தது!

பார்ப்பவரின் எதிர்பார்ப்பே பார்க்கப்படும் காட்சியை மாற்றிவிடக்கூடும் என்பதை இந்தக் குதிரை உலகிற்குக் கற்பித்தது. வகுப்பறையில் ஒருத்தியைக் "குறும்புக்காரி" என்று முடிவு செய்துவிட்டால், அவள் செய்யும் குறும்பு மட்டுமே நம் கண்ணிற்படும். அமைதியாக இருக்கும் நேரம் படாது. எனவேதான் இக்காலத்தில் இருவர் தனித்தனியே உற்றுநோக்கி, பின்னர்த் தம் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

3. தனியாள் ஆய்வு

ஒரே ஒருவரை நீண்ட காலம் ஆழமாக ஆராய்வது தனியாள் ஆய்வு. அமெரிக்காவில் எச்.எம். என்னும் எழுத்துகளால் மட்டும் பல ஆண்டுகள் குறிப்பிடப்பட்ட ஒருவருக்கு, கொடிய வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு 1953ஆம் ஆண்டில் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. வலிப்புக் குறைந்தது, ஆனால் அன்றிலிருந்து புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. சற்று முன் பேசிச் சென்றவரை மீண்டும் கண்டால் புதியவராகவே கருதுவார்.

பிரெண்டா மில்னர் என்ற பெண் அறிஞர் அவரைப் பல்லாண்டு ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் விண்மீன் வடிவத்தைப் பார்த்து அதன் கோட்டின் மீது வரையும் கடினமான பயிற்சியை அவருக்கு அளித்தார். நாள்தோறும் அவர் கை தேறி வந்தது. ஆனால் அப்பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! நினைவு என்பது ஒன்றன்று, அதில் பல வகை உண்டு என்பது இந்த ஒரு மனிதரால் விளங்கியது. அவர் 2008ஆம் ஆண்டில் காலமானார். வேண்டுமென்றே எவருக்கும் உண்டாக்கக்கூடாத ஒரு நிலையை, துன்பத்தால் நேர்ந்தபோது பரிவுடன் ஆராய்ந்து, பலருக்கும் பயன் தரச் செய்வது இம்முறையின் பெருமை.

இதன் குறையைக் காட்டுவது ஃபினியாஸ் கேஜ் என்பவரின் வரலாறு. 1848ஆம் ஆண்டில் இருப்புப் பாதைப் பணியின்போது, மூன்றரை அடிக்கும் சற்று நீளமான இரும்புக் கோல் ஒன்று வெடியின் வேகத்தில் அவருடைய கன்னத்தில் நுழைந்து தலையின் உச்சி வழியே வெளியேறியது. அவர் பிழைத்துக்கொண்டார்! அவர் குணமே மாறிவிட்டதென்று மருத்துவர் ஒருவர் எழுதினார். அக்கதை நூலுக்கு நூல் வளர்ந்து, அவரைக் குடிகாரராகவும் வேலையற்ற நாடோடியாகவும் சித்திரித்தது. ஆனால் அவர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டி உழைத்து வாழ்ந்தார் என்பதை ஆவணங்கள் காட்டுகின்றன. ஒருவர் கதையை ஒருவரே சொல்ல, பலரும் அதைத் திரும்பச் சொல்லும்போது உண்மை தேய்ந்து கற்பனை வளர்கிறது.

4. வினாநிரலும் பேட்டியும்

மிகக் குறைந்த செலவில் மிகப் பலரிடம் செய்தி திரட்ட உதவுவது வினாநிரல். எதிரே அமர்ந்து கேட்டால் அது பேட்டி. மக்களின் கருத்துகளை அறிய இவற்றைப் போல் எளிய வழி வேறில்லை. ஆயினும் மூன்று படுகுழிகள் இங்கே உள்ளன.

முதலாவது, யாரைக் கேட்கிறோம் என்பது. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டுப் போன்ற அஞ்சல்களை அனுப்பியது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விடை அனுப்பினர். லண்டன் என்பவர் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றி வென்றார்! தொலைபேசிப் பட்டியல், மோட்டார் வண்டிப் பதிவேடு ஆகியவற்றிலிருந்து பெரும்பாலான பெயர்களை எடுத்ததால் ஏழைகள் விடுபட்டனர். மேலும், அஞ்சல் பெற்றவர்களுள் பெரும்பாலோர் விடை எழுதவே இல்லை. கூட்டம் பெரிதாக இருப்பதால் மட்டும் உண்மை கிட்டிவிடாது.

இரண்டாவது, எப்படிக் கேட்கிறோம் என்பது. 1974ஆம் ஆண்டில் எலிசபெத் லாஃப்டஸ் என்னும் அம்மையார் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்களின் வேகத்தைக் கேட்டார். "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கும் மேல் என்றனர். "ஒன்றையொன்று தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றனர். படம் ஒன்றே, வினைச்சொல் ஒன்று மாறியது, விடையும் மாறியது. பெற்றோர்களே, "ஏன் பொய் சொன்னாய்?" என்று கேட்பதற்கும் "என்ன நடந்தது?" என்று கேட்பதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரம். வகுப்பில் "புரிகிறதா?" என்று கேட்டால் "புரிகிறது, டீச்சர்" என்று ஒரே குரலில் விடை வரும். தேர்வுத்தாள் வேறு கதை கூறும்! இத்தகைய வேற்றுமையை 1934ஆம் ஆண்டில் லாப்பியர் என்பவர் எழுதிக் காட்டினார். சீனர் மீது பலருக்கு வெறுப்பிருந்த அக்காலத்தில், அவர் ஓர் இளம் சீனத் தம்பதியருடன் அமெரிக்கா எங்கும் பயணம் செய்தார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தனர். ஒரே ஓர் இடத்தில் மட்டுமே மறுக்கப்பட்டனர். பின்னர் அதே இடங்களுக்கு, "சீனரை ஏற்பீர்களா?" என்று கடிதம் எழுதினார். 128 இடங்களிலிருந்து விடை வந்தது. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், "மாட்டோம்" என்றே கூறின. இந்த ஆய்விலும் குறையுண்டு: வாசலில் வரவேற்றவரும் கடிதம் எழுதியவரும் ஒருவர்தாமா என்பது தெரியாது. எனினும், சொல்லை மட்டும் கேட்டு மனிதரை அறிந்ததாக எண்ணலாகாது என்னும் பாடம் நிலைத்து நிற்கிறது.

5. உளச் சோதனைகள்

உடல் வெப்பத்தை அளக்க வெப்பமானி இருப்பதுபோல், அறிவை அளக்கக் கருவி உண்டா? 1905ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் என்னும் இருவர் முப்பது சிறு பணிகள் அடங்கிய அளவை ஒன்றை வெளியிட்டனர். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளுள் தனி உதவி தேவைப்படுவோர் யார் என்று கண்டறிவதே அதன் நோக்கம். யாவருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பீடு; ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு. இது பெரிய நிறைதான். அறிவு என்பது பிறவியிலேயே முடிவாகிவிட்ட அளவு அன்று, பயிற்சியால் வளர்வது என்பதே பினேயின் கருத்து.

அவர் 1911ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கருவி கடல் கடந்தது; அவர் எச்சரிக்கை கடல் கடக்கவில்லை. 1913ஆம் ஆண்டில் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், நெடுங்கடல் பயணத்தால் களைத்து வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளுக்கு இச்சோதனை நடத்தப்பட்டது. ஆங்கிலம் அறியாத அவர்களுள் பெரும்பாலோர் அறிவுக்குறை உடையோர் என்று எழுதப்பட்டது! அளந்தது அறிவையா, மொழியையா, களைப்பையா?

இதனினும் வருத்தந்தரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்னும் ஏழைப் பெண்ணும் அவள் தாயும் இத்தகைய சோதனையைக் கொண்டு அறிவுக்குறை உடையோர் என முத்திரை குத்தப்பட்டனர். கேரியின் ஏழு மாதக் குழந்தையைப் பார்த்த ஒருவர், அதன் தோற்றத்தில் ஏதோ இயல்பின்மை இருப்பதாகச் சாட்சி கூறினார். மூன்று தலைமுறையும் இப்படியே என்று கொண்டு, கேரி இனித் தாயாக முடியாதபடி அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று 1927ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவ்வாறே செய்தும் விட்டனர். அக்குழந்தையோ பள்ளியில் சேர்ந்து, நன்கு படிப்போர் பட்டியலில் இடம் பெற்றாள். எட்டு வயதில் நோயால் இறந்தாள். அரசுகள் இத்தகைய அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாகச் செய்வதைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1930ஆம் ஆண்டு இறுதியில் தம் சுற்றுமடலில் கண்டித்தார்.

சோதனைத்தாளின் ஓர் எண், ஒரு பார்வை, ஒரு சாட்சி ஆகியவை சேர்ந்து ஒரு பெண்ணின் வாழ்வைப் பறித்தன. ஆதலால் மதிப்பெண்ணைப் படிக்கும்போது, அது எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்றும் சேர்த்தே படிக்கவேண்டும்.

6. தொடர்பை ஆராயும் முறை

இரண்டு நிலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று கணக்கிட்டுப் பார்ப்பது இம்முறை. இதற்கு நம் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு, அருட்சகோதரிகளே பங்குகொண்ட ஆய்வு ஒன்று.

1986ஆம் ஆண்டில் டேவிட் ஸ்னோடன் என்னும் அறிஞர், நோத்ர தாம் பள்ளிச் சகோதரிகள் சபையினரை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அணுகினார். முதுமையில் நினைவு அழிவது ஏன் என்பதே அவர் வினா. படிப்படியாக, 75 வயதிற்கு மேற்பட்ட 678 சகோதரிகள் ஆய்வில் சேர்ந்தனர். குறித்த காலங்களில் நினைவாற்றல் சோதனைகளுக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் கற்பித்தவர்கள். இறந்த பின்னும் கற்பிக்க ஒப்புக்கொண்டார்கள் என்றால் மிகையாகாது.

இந்த ஆய்வின் தனிச்சிறப்பு யாது? அச்சகோதரிகள் ஒரே வகை உணவு உண்டனர். ஒரே வகை இல்லத்தில் வாழ்ந்தனர். புகைபிடித்தல் போன்ற பழக்கம் இல்லை. மருத்துவ வசதியும் ஏறத்தாழ ஒன்றே. பிற மக்களிடம் காணும் எத்தனையோ வேற்றுமைகள் இங்கு இல்லை. மேலும் மடத்தின் ஆவண அறையில் ஒரு புதையல் கிடைத்தது. வார்த்தைப்பாடு கொடுக்குமுன், ஏறத்தாழ 22 வயதில், அவர்கள் தம் கைப்பட எழுதிய சுருக்கமான வாழ்க்கைக் குறிப்புகள் அவை! 1996ஆம் ஆண்டில் 93 சகோதரிகளின் குறிப்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். இளமையில் கருத்துச் செறிவுடன் எழுதியோர் முதுமையில் நினைவுச் சோதனைகளில் சிறந்து நின்றனர். அவர்களுள் அதற்குள் இறந்துபோன 14 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது, செறிவு குறைவாக எழுதிய அனைவரிடமும் அல்சைமர் நோயின் அடையாளங்கள் இருந்தன. செறிவாக எழுதியவர்களுள் ஒருவரிடமும் இல்லை. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு கட்டுரை, இளமையில் மகிழ்ச்சி தோன்ற எழுதிய சகோதரிகள் பொதுவாக நீண்ட நாள் வாழ்ந்ததைக் காட்டியது.

இதைப் படித்ததும், "இன்று முதல் நீண்ட வாக்கியங்கள் எழுதுவோம், நினைவு அழியாது" என்று நாம் முடிவு செய்யலாமா? கூடாது! இங்குதான் இம்முறையின் குறை உள்ளது. சேர்ந்து வருவது வேறு, காரணமாவது வேறு. செறிவாக எழுதியதால் மூளை காக்கப்பட்டதா? இளமையிலேயே மூளை வலுவாக இருந்ததால் எழுத்துச் செறிவாக வந்ததா? அல்லது சிறுவயதில் கிடைத்த நல்லுணவும் நூல்களும் இரண்டிற்கும் காரணமா? கணக்கு மட்டும் இதற்கு விடை கூறாது. மேலும், ஒரே மாதிரி வாழ்ந்த சகோதரிகளைக் கொண்டு கண்டது, வயலில் உழைக்கும் ஆடவருக்கும் பிள்ளைகள் பெற்ற தாய்மாருக்கும் அப்படியே பொருந்துமா? ஆய்வுக்கு வலிமை தந்த அதே ஒற்றுமை, அதன் எல்லையாகவும் ஆகிவிடுகிறது.

அந்த ஆய்வில் மேரி என்று குறிப்பிடப்படும் சகோதரி ஒருவர் 101 வயது வரை வாழ்ந்தார். நினைவுச் சோதனைகளில் நன்கு தேறினார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தால், அதில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன! சராசரிக் கணக்கு பலரைப் பற்றிப் பேசுவது. நம் எதிரில் நிற்கும் ஒருவரைப் பற்றி அது உறுதி கூறாது.

7. பரிசோதனை முறை

காரணத்தை அறியச் சிறந்த வழி பரிசோதனையே. இரண்டு சட்டிகளில் அவரை விதை இட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை இருளிலும் வைத்து, மற்ற அனைத்தையும் சமமாக வைத்தால், வளர்ச்சியின் வேற்றுமைக்கு ஒளியே காரணம் என்று கூறலாம் அல்லவா? அதுபோலவே மனிதரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு மட்டும் ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கின்றனர்.

ரோசென்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் செய்த இத்தகைய ஆய்வு 1968ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. "இக்குழந்தைகள் இவ்வாண்டில் பெரிதும் முன்னேறுவார்கள்" என்று சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்தனர். உண்மையில் அப்பெயர்கள் குருட்டாம்போக்கில் பொறுக்கப்பட்டவை! ஆண்டு முடிவில், முதல் இரு வகுப்புகளில் அக்குழந்தைகள் மற்றவர்களைவிட நுண்ணறிவுச் சோதனையில் மிகுதியாக முன்னேறியிருந்தனர். ஆசிரியரின் நம்பிக்கையே உரமாயிற்று என்றனர். மேல்வகுப்புகளிலோ வேற்றுமை அவ்வளவாக இல்லை. பயன்படுத்திய சோதனை மிகச் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று வேறு அறிஞர்கள் குறை கூறினர். பின்வந்த ஆய்வுகள், நம்பிக்கையின் விளைவு உண்டு, ஆனால் முதலில் எண்ணிய அளவு பெரிதன்று என்று காட்டின.

பரிசோதனைக்கு இரு குறைகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் நடப்பது வாழ்க்கையில் நடப்பதைப் போல் இருப்பதில்லை என்பது ஒன்று. மற்றது அறம் பற்றியது. 1920ஆம் ஆண்டில் வாட்சன், ரேனர் என்போர் ஏறத்தாழ 11 மாதக் குழந்தை ஒன்றிற்கு வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் பெரும் ஓசை எழுப்பி, எலியைக் கண்டாலே அஞ்சி அழும்படி செய்தனர். அந்த அச்சத்தை நீக்காமலே குழந்தை அங்கிருந்து அனுப்பப்பட்டது. அறிவு வளர்ந்தது என்று மகிழ்வதா, ஒரு குழந்தை அழுதது என்று வருந்துவதா? இன்று ஒப்புதல் பெறாமலும், நெறிமுறைக் குழுவின் இசைவின்றியும் இத்தகைய ஆய்வுகளைச் செய்ய இயலாது. அறிவதற்கு நமக்குள்ள ஆசை, பிறரைத் துன்புறுத்தும் உரிமையைத் தருவதில்லை.

8. திரும்பச் செய்து பார்த்தல்

எம்முறையில் கண்ட முடிவாயினும், வேறொருவர் மீண்டும் செய்து பார்த்து அதே முடிவைக் கண்டால்தான் அது உறுதியாகும். 2015ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த முடிவை வெளியிட்டனர். 36 விழுக்காட்டில் மட்டுமே முன்னைய முடிவு மீண்டும் தெளிவாகக் கிடைத்தது.

பெற்றோர் பலரும் கேள்விப்பட்டிருக்கும் மிட்டாய் ஆய்வையும் இங்கே கூறலாம். வால்டர் மிஷெல் என்பவர் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வு அது. மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்த சிறுவர்கள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தனர் என்று கூறப்பட்டது. 2018ஆம் ஆண்டில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. தொடர்பு முன்பு எண்ணியதைவிடச் சிறிது என்றும், குடும்பத்தின் நிலையையும் கணக்கில் கொண்டால் அது மேலும் குறைகிறது என்றும் அது காட்டியது. எனவே, ஐந்து வயதில் பொறுமையிழந்த குழந்தையைப் பற்றிப் பெற்றோர் கவலை கொள்ளவேண்டா!

இவற்றைக் கொண்டு உளவியல் பொய் என்று கூறலாமா? தன் தவறைத் தானே தேடிக் கண்டு ஊரறியச் சொல்லும் அறிவியலை நாம் மேலும் மதிக்கவேண்டும் அன்றோ?

முடிவுரை

ஒவ்வொரு முறையும் ஒரு சாளரம். ஒரு சாளரத்தில் முற்றம் தெரியும். மற்றொன்றில் தோட்டம் தெரியும். வீடு முழுவதும் எந்த ஒன்றிலும் தெரியாது. நம் ஆண்டவரின் வாழ்வையே நான்கு நற்செய்தியாளர்கள் எழுதியிருக்கத் திருச்சபை அந்நான்கையும் போற்றிக் காக்கிறது. பல வழிகளில் தேடிய முடிவுகள் ஒன்றுகூடும் இடத்தில்தான் நாம் துணிந்து கால் ஊன்றலாம்.

இனி அந்த மாணவியிடம் வருவோம். நம் தீர்ப்புகளை ஏற்காத முதிய சகோதரி ஒருவர் ஒரு வாரம் அவளைக் கவனித்தார். வலப்புறத்திலிருந்து அழைத்தால் அவள் உடனே திரும்புகிறாள், இடப்புறத்திலிருந்து அழைத்தால் திரும்புவதில்லை என்று கண்டார். இது உற்றுநோக்கல். தாயை அழைத்துப் பேசினார். சிறுவயதில் நெடுநாள் காதில் சீழ் வடிந்ததாகத் தாய் கூறினார். இது பேட்டி. பின்னர் அவளை முதல் வரிசையில் மறுபக்கம் அமர்த்தி, இரு வாரங்களின் விடைகளை முன்னைய விடைகளுடன் ஒப்பிட்டார். இது எளிய பரிசோதனை. இறுதியில் மருத்துவர் காதைச் சோதித்து, இடக்காதில் செவித்திறன் மிகக் குறைவு என்று உறுதி செய்தார். அகம்பாவமும் இல்லை, மந்த புத்தியும் இல்லை; அவளுக்கு நம் குரல் எட்டவில்லை! ஆண்டு முழுவதும் அவள் நம்மிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: கொஞ்சம் உரக்கப் பேசுங்கள் என்று. அதைக் கேட்க அவளுக்கு அச்சம். அந்த அச்சத்தை உண்டாக்கியது நம் தீர்ப்பே.

அடுத்த முன்னேற்ற அறிக்கையில் "கவனக்குறைவு" என்னும் சொல் இல்லை. ஆனால் முன்பு எழுதியதை அழிக்க நம்மால் இயலவில்லை.

அன்பு மாணவியரே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியைகளாக, மருத்துவர்களாக, தாய்மார்களாக, துறவறச் சகோதரிகளாக ஆவீர்கள். ஒருவரைப் பற்றி எழுத நீங்களும் பேனாவை எடுக்கும் நாள் வரும். அப்போது, "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு முறை கேளுங்கள். "வேறு எவ்வழியிலும் பார்த்தேனா?" என்று மறுமுறை கேளுங்கள். உள்ளங்களை முழுவதும் அறிபவர் இறைவன் ஒருவரே. நமக்குக் கிடைத்திருப்பவை குறையுள்ள சில அளவுகோல்களே. அவற்றைப் பணிவோடும் பரிவோடும் கையாள்வோமாக!